வேப்பிலை இல்லாத வாசல்

“அம்மா, மாரியாத்தா மொதல்ல கிராணி வீட்டுக்குப் போவாளா, நம்ம லயத்துக்கு வருவாளா?”

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் சின்னப் பெண் சீதாலெட்சுமி ஒருமுறை கேட்ட கேள்வி இது. அவள் தாய் மாரியாயிக்கு விடை தெரியவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. அம்மை வராமலிருக்கக் குத்தும் அம்மைப் பால் போன வழியைப் பார்த்தால், மாரியாத்தா துரைமார் பங்களாவில் தொடங்கி, கிளப்பில் சற்று இளைப்பாறி, ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் வீடுகளில் நலம் விசாரித்துவிட்டு, நேரம் மிஞ்சினால்தான் லயத்துக்கு வருவாள் என்று தோன்றியது.

ஆனால் அந்த வருஷம் அவள் சுற்றறிக்கை எதையும் படிக்காமல் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தோட்டத்து லயத்தில் இறங்கிவிட்டாள். மாரியாயியின் தங்கை மகன் அங்கே அம்மையில் இறந்தான். அதன்பிறகு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் மாரியாயி தூங்கியதில்லை.

அம்மை குத்துவதில் பாரபட்சம் கூடாது என்று மேலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. கண்காணிக்க ஒரு கமிட்டியும் போட்டது. கமிட்டியே படுத்துவிட்டால் யார் கண்காணிப்பது? ஆகவே முதலில் கமிட்டிக்குக் குத்தினார்கள். பிறகு கமிட்டியின் மனைவிமார், மச்சான்மார், சமையற்காரர்கள். கடைசியில் லயத்துக்கு வந்தது ஒரு விதி: வேப்பிலை கட்டிய வீட்டில் ஏற்கெனவே அம்மை கண்டிருக்கும்; அங்கே குத்தி மருந்தை வீணாக்கக் கூடாது.

விதியைச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய கிராணி ராதாகிருஷ்ணன். தமிழர் வழக்கம் தெரிந்தவர் என்று துரை அவரைத்தான் கேட்டார். அவருக்கு வழக்கம் நன்றாகவே தெரியும். அது ஆடி மாதம். அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாள்வரை எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கும். கிராணி வாசலிலும் தொங்கியது. விதி வருவதற்கு முந்திய நாள் காற்றில் விழுந்துவிட்டது. பெரியவர்கள் வீட்டில் காற்றுக்கும் விவேகம் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும் டிரசர் ரெங்கசாமி மருந்துப் பெட்டியோடு வந்த அன்று கிராணியும் கூடவே வந்தார். மிஞ்சும் பாலுக்காக அவருடைய சகலை கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு வந்து காத்திருந்தார்.

“நோன்புக்குக் கட்டினதுங்க. சீக்கு இல்ல. புள்ளையப் பாருங்க, குதிச்சிக்கிட்டு நிக்குது,” என்றாள் மாரியாயி.

“வேப்பிலைன்னா வேப்பிலைதான்,” என்றார் கிராணி.

“அவுத்துடுறேங்க. ஆத்தா பொறுத்துக்குவா.”

“கட்டியிருந்தத நான் பாத்துட்டேனே.”

லயத்தில் வேப்பிலை இல்லாத வாசல் ஒன்றுதான். ரயில்வே கேட்டில் வேலை பார்த்த மாரிஸ் வீடு. வேதக்காரர்கள், வாசலில் மாதா படம். அவன் மனைவி மகதலேனா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போனாள். பின்கட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, “டிரசர் ஐயா, எம் புள்ளைங்களுக்குக் குத்தணும்,” என்றாள்.

“ஒனக்கு ஏது புள்ள?” என்றார் கிராணி.

அவளுக்கு இருந்த ஒரே பிள்ளை செராஸ் கல்லறையில் இருந்தது. “உள்ள வந்து பாருங்க,” என்றாள்.

உள்ளே லயத்துப் பிள்ளைகள் நிறைந்து கால் வைக்க இடமில்லை.

“பேரு?” என்று கேட்டார் டிரசர்.

“சிசிலியா,” என்றாள் மகதலேனா, சீதாலெட்சுமியின் நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்தபடி.

“இவன்?”

“அந்தோணி.”

“குடுமி வச்சிருக்கானே?”

“அந்தோணிக்குக் குடுமி ஆகாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

“மாரிஸ் சம்பளத்துல இத்தனை பேருக்குச் சோறு போடுறியேம்மா.”

“மாதா போடுறாங்க.”

கிராணியின் முகம் சிவந்தது. “இதெல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுப் புள்ளைங்க.”

“எந்த வீடுங்க?” டிரசர் ஊசியைத் துடைத்தார். “அந்த வீட்டுப் புள்ளைங்கதான் அம்மை போட்டுப் படுத்திருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இதுங்க நிக்குதே.”

தன் விதியே குறுக்கே நிற்க, கிராணி வெளியே நடந்தார். கிள்ளான் சகலை வெறுங்கையோடு ரயிலேறினார். பிரிக்பீல்ட்ஸில் வேதம் இத்தனை வேகமாகப் பரவியதைக் கண்டு கமிட்டி வியந்ததாகக் கேள்வி. பொய் சொல்வது பாவம்தான். அன்றைய பாவத்தை மன்னிக்க மாதாவும் மாரியாத்தாவும் போட்டி போட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

சீதாலெட்சுமியின் கையில் குத்திய இடம் நன்றாகப் பொங்கி, வடுவானது. மாரிஸுக்கு ஈப்போவுக்கு மாற்றலானது. புறப்படும்போது மகதலேனா, “கல்லறைத் திருநாளைக்குப் புள்ளையப் பாக்க வர முடியாது மாரியாயி,” என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் திருநாளில், வேதக்காரர்கள் பூசைக்குப் போயிருந்த நேரம், மாரியாயி செராஸுக்குத் தனியாக நடந்தாள். சின்னக் கல்லறையின் புல்லைப் பிடுங்கினாள். சிலுவையைக் கழுவினாள். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்தாள். வரும் வழியில் பழக்கத்தில் ஒடித்த வேப்பங்கொத்து ஒன்றும் மடியில் இருந்தது. அதை எடுத்து வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

“வேணாம் ராசா,” என்றாள். “இதப் பாத்துட்டு உங்க சாமி இந்த வீட்டத் தாண்டிப் போயிடப் போறாரு.”

கொத்தை மடியில் செருகிக்கொண்டு நடந்தாள்.