நேக்ராவின் சாம்பல்

சால்ட்டா மலையில், ஏறினாலே மூச்சு வாங்கும் உயரத்தில் இருந்தது அன்செல்மோ முதலாளியின் சின்னத் திராட்சைத் தோட்டம். மனுஷன் மருந்தே அடிக்க மாட்டார். பழம் தின்ற பிராணியைக் கொன்று, எரித்து, சாம்பலைக் கொடிகளுக்குத் தூவினால் அதன் இனமே அப்புறம் அண்டாதாம். போன வருஷம் தின்றது, கூலிக்காரி ரூஃபினாவின் நாய் நேக்ரா. அதைச் சுட்டுக் கொன்று எரித்துவிட்டு, "உன் நாய்தானே, நீயே தூவு" என்று சாம்பல் வாளியை அவளிடமே நீட்டினார். தூவினாள்.

இன்று சரக்கு வாங்க வந்தவர், மால்பெக், தன்னாத் என்ற இரண்டு வகைத் திராட்சையும் கலந்த சிவப்பு ஒயினைத் தோட்டத்தில் நின்றே உறிஞ்சிவிட்டு, "விஷமே போடாம எப்படிங்க?" என்று வியந்தார்.

"எல்லாம் இவ கைராசி! இவ தூவுனா ஒரு நாயும் எட்டிப் பார்க்காது." பக்கத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்த ரூஃபினாவைக் காட்டிச் சிரித்தபடி முதலாளி ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நீங்களும்தான் திங்குறீங்க முதலாளி," என்றாள் ரூஃபினா. "உங்களையும் நானே தூவுறேன்."