படத்தில் இரண்டு பேர்

கொன்சுவேலோ சிஸ்டர் மெல்லிய கலர்த்தாளை மடித்து மடித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார். விரித்தால் எலும்புக்கூடு. அதுவும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற எலும்புக்கூடு, தலையில் தொப்பி வேறு.

"என்னா சிஸ்டர், பேயெல்லாம் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்றேன்.

கினிகத்தேனைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஓரமாக இருந்த சிஸ்டர்மார் மடத்தில் நான் சமையல்காரி. மற்ற சிஸ்டர்மார் கண்டிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். மழை, அட்டைக்கடி, நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான்.

அவர் மெக்சிகோக்காரர். படித்துக்கொண்ட தமிழில் நிதானமாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். படம் வைப்போம். அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு வைப்போம். வழி தெரியவேண்டும் என்று வாசலிலிருந்து மஞ்சள் பூ தூவுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது எங்க படையலு சிஸ்டர்! எங்க வீட்டுக்காரருக்கு நானுந்தான் தீவாளிக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. "என் அம்மா இந்த வருடம் இறந்தார். நான் போக முடியவில்லை. தனியாகப் படைக்க மனமில்லை, நாகலெட்சுமி. உங்கள் கணவர் படத்தையும் கொண்டுவருவீர்களா?"

பாவமாக இருந்தது. தனியாகப் படைத்து, தனியாக உட்கார்ந்து தின்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் படம் என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஹட்டனில் ஸ்டூடியோவில் எடுத்தது. அவர் நாற்காலியில். பக்கத்தில் எங்கள் மகன் நிரஞ்சன், சின்னப் பையன், தலையில் எண்ணெய் வழிய. அப்பன் கை பையன் தோளில். அந்தப் பையன் வளர்ந்து கொழும்பில் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். தொண்ணூற்றாறில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதோடு சரி. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அந்த ஏக்கத்திலேயே அப்பன் போய்ச் சேர்ந்தார். நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்தில் ஜாடைமாடையாகச் சொல்வார்கள், மகனுக்கும் ஓர் இலை போட்டுவிடு என்று. அவர்கள் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க!

இரண்டாம் தேதி காலையிலேயே அந்தப் படத்தைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். அன்று சாயந்திரம் வடையும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேசையில் அவர் அம்மா படம், பாண் ரொட்டி, உப்பு, தண்ணீர். பக்கத்தில் எங்கள் படம். அதற்கு ஒரு செவ்வந்தி மாலை, இரண்டு பேருக்கும் சேர்த்து.

தட்டை வைத்த வேகத்தில் குழம்பு சிந்தியது. மாலையைப் பிய்த்து எறிந்தேன். "எம்மவன் உசுரோட இருக்கான்! உசுரோட இருக்கிறவனுக்கு மாலையப் போட்டுட்டீங்களே, நீங்க வெளங்குவீங்களா?"

சிஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. அவர்கள் ஊரில் மாலை வெறும் அலங்காரம் போல. "எனக்குத் தெரியாது, மன்னியுங்கள்," என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கத்தரிக்கோலை எடுத்தார். "படத்தை இரண்டாக வெட்டிவிடலாமா?"

பார்த்தேன். வெட்டினால் அப்பன் கை அறுந்து பையன் தோளிலேயே நின்றுவிடும்.

"வேணாம்," என்றேன்.

படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசலிலிருந்து பூ தூவியாகிவிட்டது. மனுசன் கிளம்பியிருப்பார். பாதி வழியில் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மகன் நிற்கிற பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"இப்ப ஏத்துங்க சிஸ்டர்."

அவர் மெழுகுதிரியை ஏற்றினார். தன் பாஷையில் அம்மாவிடம் என்னவோ பேசினார், அழுதார். ஊதுபத்திப் புகை என் விரல் மேலே போனது. கை மரத்துப்போனது. நான் எடுக்கவில்லை.

"நீங்களும் பேசுங்கள்," என்றார் சிஸ்டர்.

என்ன பேசுவது? பையன் அங்கே போயிருந்தால் அப்பனோடுதானே வருவான்? பூ கிடந்த வாசலைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"வாங்க," என்றேன், படத்தைப் பார்த்தபடியே. "நீங்க மட்டுந்தானே வந்திருக்கீங்க?"