காரில் நாலாவது சீட்டு

மூன்று வருடமாக என் வீட்டுக்காரருக்குப் பூச்சி கட்டிக் கொடுத்தவள் நான். நிஜப் பூச்சி இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றினால், தண்ணீரில் விழுந்த ஈ மாதிரியே இருக்கும். மீன் ஏமாந்து வாயைத் திறக்கும். என் தொழில் துணிகளை ஆல்டர் செய்வது. நூல், கத்தரிக்கோல், விளக்கு எல்லாம் என் மேஜையில்தான் இருக்கின்றன என்பதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

ஞாயிறு விடிந்ததும் பூச்சி டப்பாவை வாங்கிக்கொண்டு மூன்று பேர் காரில் ஆற்றுக்குப் போவார்கள். பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர், எலெக்ட்ரீஷியனான என் அண்ணன், மருந்துக்கடைக்காரர். நாலாவது சீட்டில் சாப்பாட்டுப் பை சாய்ந்து உட்கார்ந்து போகும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பையைக் கட்டும்போது கேட்டேன்.

"என்னங்க, இந்தப் பையை டிக்கியில வச்சுட்டு நான் வந்தா என்ன?"

"நீயா? அங்க முழங்கால் வரைக்கும் சேறும்மா."

"சேறு எனக்கு மட்டும்தான் ஒட்டுமா?"

சோபாவில் இருந்த அண்ணன், "ஏய் ஊசி, நீ வாயைத் திறந்தா மீனெல்லாம் அடுத்த ஆத்துக்குக் குடி போயிடும்" என்றான். ஊசி என்பது சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். குத்துகிற மாதிரிப் பேசுவேனாம்.

அவன் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் இழுத்தார். "அந்த சீட்டைப் பல் டாக்டர் வேற கேட்டுக்கிட்டிருக்காரே..."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மாதக் கடைசி ஞாயிறு நான் கூட வர வேண்டும். யார் கையும் என்மேல் படாமல் ஒரு மீனைக் கரை சேர்த்தால் நாலாவது சீட்டு எனக்கு. இல்லாவிட்டால் அது பல் டாக்டருக்கு. நான் பூச்சி கட்டுவதோடு சரி. அந்தப் பூச்சிகள் தண்ணீரில் எப்படி விழுகின்றன என்று மூன்று வருடமாக ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

கையில் மூன்று வாரம் இருந்தது. எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் தையல் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் குஞ்சம். தூண்டில் கோலைப் பின்னால் வீசி, லைன் என்கிற அந்த நீளக் கயிறு முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். காத்திருப்பதுதான் எனக்கு வரவில்லை. இருபது வருடமாகத் தையல் போட்டதும் நூலை இழுத்து இறுக்கிய கை. நூல் தொளதொளவென்று கிடந்தால் அதற்குப் பொறுக்காது.

இரண்டாம் மாடி அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு உங்க கயிறு சுத்திப் பிடிச்சது கொடியில காஞ்ச என் தலையணை உறை. எடை போட்டுப் பாக்கணுமா, இல்ல அப்படியே விட்டுடறீங்களா?"

மூன்றாம் வாரம் பத்துக்கு ஏழு வட்டத்துக்குள் விழுந்தது. விழுந்ததும் வெடுக்கென்று இழுப்பது மட்டும் போகவில்லை. "மீனு வந்து மோந்து பாக்கக்கூட நேரம் குடுக்க மாட்டேங்கிறியே" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்து உடுப்பு. ஆற்றில் இறங்க மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை வேண்டும். கடையில் பெண்களுக்கென்று இல்லை. பையன்கள் சைஸை என் இடுப்பு ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரின் பழையதில் என்னோடு இன்னொரு ஆளும் நிற்கலாம். இதற்கா கவலை? வெள்ளிக்கிழமை மிஷினில் கனமான ஊசியைப் போட்டு, இரு பக்கமும் நாலு விரல் பிடித்து, மேலிருந்து கீழ்வரை இரட்டைத் தையல் ஓட்டினேன். கண்ணாடி முன் நின்றால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"அட, கச்சிதமா இருக்கே!" என்றார் அவர். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு ஆற்றில் தொடை ஆழத்தில் போய் நின்ற பிறகுதான் தோன்றியது.

"என்னங்க, தண்ணி உள்ள வருது."

"எங்கேருந்து?"

"தையல் போட்ட இடத்துலேருந்தெல்லாம்."

அவர் சிரிப்பை அடக்க வாயை மூடிக்கொண்டார். அண்ணன் மூடவில்லை. "எத்தனை ஓட்டைடி?"

"அங்குலத்துக்கு எட்டு."

"ரெட்டைத் தையல் வேற!" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

குளிர் எலும்பு வரை ஏறியது. சேற்றில் புதைந்த காலை உருவப் போனேன். கால்சட்டையின் ஒரு தோள்பட்டி பட்டென்று கழன்றது. வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "போதும்மா, வா."

"தொடாதீங்க! கை பட்டா சீட்டு டாக்டருக்கு."

இடக்கையால் பட்டியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வீசினேன். பூச்சி ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மெத்தென்று விழுந்தது. நான் கட்டிய சாம்பல் நிறப் பூச்சி, இறகு விரிந்து, உயிருள்ளது மாதிரி மிதந்தது. இழு, இழு என்று உள்ளங்கை அரித்தது. இழுக்கத்தான் கை இல்லையே. லைன் தொளதொளவென்று கிடக்க, பூச்சி தன் இஷ்டத்துக்குப் போனது.

தண்ணீர் ஒரு இடத்தில் சுழித்தது. கோல் வளைந்தது.

"இழுடி இப்ப!" என்று அண்ணன் கத்தினான்.

பட்டியை விட்டால் கால்சட்டை போய்விடும். விடாவிட்டால் மீன் போய்விடும். பட்டியைப் பல்லால் கவ்விக்கொண்டேன். இரண்டு கையும் கிடைத்தது. கரை நாலே அடி தூரம். இரு காலிலும் ஆற்றைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். கடைசியில் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தேன். மடியில் மீன் துள்ளியது. தையல்காரியின் வழக்கப்படி கழுத்தில் தொங்கிய அளவு டேப்பால் அளந்தேன். ஏழே கால் அங்குலம். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டதும் ஒரே ஓட்டம்.

"மாப்பிள்ளை, டாக்டர் சீட்டைப் பல்லாலேயே பிடுங்கிட்டா பாத்தீங்களா!" என்றான் அண்ணன்.

திரும்பும்போது சாப்பாட்டுப் பை டிக்கிக்குப் போனது. நான் சொட்டச் சொட்டக் கார்க் கதவைத் திறந்தேன்.

"சீட்டு நனைஞ்சிடும், அந்தப் பிளாஸ்டிக்கை விரிச்சுக்கோம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"யார் சீட்டுங்க?"

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "உன் சீட்டுதான்."

"அப்ப நனையட்டும்" என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.