குறுக்கே கிடந்த பெஞ்ச்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. குளத்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், எல்லாக் குழந்தைகளுக்குமான வகுப்பறை பற்றிப் பேசச் சொன்னார்கள். என் வகுப்பு ஜெனிபரைச் சொன்னேன். காது சரியாகக் கேட்காத பெண். உதட்டசைவைப் பார்த்தே பாடம் புரிந்துகொள்பவள். அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன், இப்போது எல்லாம் புரிகிறது என்றேன். கைதட்டினார்கள். கதையாக எழுதித் தாருங்கள், மற்றப் பள்ளிகளும் பின்பற்றட்டும் என்றார்கள்.

2

முதல் தொடக்கம்: ஜன்னலோரம் சுவரையொட்டிக் குறுக்கே கிடந்த பெஞ்சில், யார் கண்ணிலும் படாமல் அந்தச் சிறுமி

(அடித்துவிட்டேன். படாதது என் கண்ணில் மட்டும்தான்.)

இரண்டாவது தொடக்கம்: அவள் பேசவே மாட்டாள். ஆனால் அவள் கண்கள்

(பொய். நன்றாகப் பேசுவாள். இவ்வளவு எழுதியும் அவளுக்கு நான் ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை.)

3

வசனத்துக்காகத்தான் இன்று அவளிடம் போனேன். முன்னால் வந்தபின் எப்படி இருக்கிறது என்று முகம் பார்த்துக் கேட்டேன். பக்கத்திலிருந்த அன்புமொழி முந்திக்கொண்டாள்.

"பழைய எடத்துக்கே போறேங்கிறா சார்."

"நீ சும்மா இருடி, நானே சொல்றேன்" என்றாள் ஜெனிபர். "இங்கிட்டு ஒக்காந்தா ஒங்க வாய் மட்டுந்தான் சார் தெரியுது. நீங்க கேள்வி கேக்குறீங்க. பதில் பூரா என் முதுகுக்குப் பின்னாடி. சிரிக்கிறாங்க, என்னயத்தான் சிரிக்கிறாங்களோன்னு இருக்கு. அந்தக் குறுக்குப் பெஞ்சுல ஒங்களையும் பாக்கலாம், எல்லார் மூஞ்சியையும் பாக்கலாம். அதத்தான் தூக்கிப் போட்டுட்டீங்களே."

வரிசை நேராக இருக்கட்டும் என்று தூக்கிப் போட்டவன் நான்தான்.

"இப்படியே இருந்தா அம்மாட்ட சொல்லித் திருச்சில காது கேக்காதவங்க ஸ்கூல் ஹாஸ்டலுக்குப் போயிருவேன் சார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மூடிய உதட்டில் அவள் எதைப் படிப்பாள் என்று அப்போது தோன்றவில்லை.

4

ஒரு முடிவு: அவள் திருச்சி பஸ் ஏறுகிறாள், நான் கையசைக்கிறேன். (வேண்டாம். என் வெட்கத்தை அழகாக்க அவள் ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்?)

இன்னொன்று: பெஞ்ச் திரும்பி வருகிறது, ஜெனிபர் சிரிக்கிறாள். (இதற்கும் கைதட்டுவார்கள். அன்று என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் எந்தெந்தப் பிள்ளைகளை முன்னால் நகர்த்தினார்களோ, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில்?)

அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்களா?

பெஞ்ச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடக்கிறது. கனமானது, ஓர் ஆளால் தூக்க முடியாது. ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன்.