பெயரில்லாத வளைவு

“கேலாகிட்ட டீ கிடைக்குமான்னு கேக்கறான்.”

“எவன்?”

“ரெட்டோதான். அந்த சுவிட்சர்லாந்துக்காரன். ஆறு பேருக்கும் பால் இல்லாம வேணுமாம்.”

என் அண்ணன் இமேதா வாயிலிருந்த ரொட்டியை விழுங்க முடியாமல் சிரித்தான். “கேலா மாமாகிட்ட டீ கேட்ட மொதல் ஆளு இவன்தான். சாச்சா சாராயம் கொண்டாந்தாதான் பேசுவாரு, இல்லேன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாருன்னு எழுது.”

“வெளையாடாத. அங்க கடை இருக்குன்னு நிஜமாவே நெனச்சிருக்கான். ஸூரா வீட்டுல கக்கூஸ் இருக்கான்னு வேற கேட்டிருக்கான்.”

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் அல்வானி கிராமத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலைச்சாலை தொடங்குகிறது. மேலே ஒமாலோ கிராமம் வரைக்கும் ஊர் என்று எதுவும் கிடையாது. வளைவுகளும், வளைவுகளின் ஓரத்தில் கற்களும்தான். கல்லில் ஒரு முகம் செதுக்கியிருக்கும். முகத்துக்குக் கீழே பெயர், பிறந்த வருடம், அந்த இடத்தில் வண்டியோடு பள்ளத்துக்குள் போன வருடம். எங்கள் ஆட்கள் வழி சொல்வது அந்தப் பெயர்களை வைத்துத்தான். ‘ஸூராவுக்கு மேல இன்னும் பனி கெடக்கு’ என்பார்கள். ‘தமாஸிகிட்ட ஆட்டு மந்தை நிக்குது’ என்பார்கள். கல்லைக் கண்டால் நின்று, ஒரு வாய் சாச்சாவை மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த வளைவுக்குப் போவார்கள்.

இமேதா வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிப் போவான். அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், பாதையை வரைபடத்தில் குறித்து அனுப்புவதும் என் வேலை. எங்கே நிற்க வேண்டும் என்று ரெட்டோவுக்கு அனுப்பிய படத்தில் எங்கள் வழக்கப்படியே பெயர்களைப் போட்டிருந்தேன். அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

“இப்ப என்ன எழுதப் போற?” என்றான் இமேதா.

போன வருடம் ஒரு குழுவுக்கு உண்மையை எழுதினேன். மறுநாளே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கணவாய் திறந்திருப்பதோ வருடத்தில் நான்கு மாதம், எங்கள் பிழைப்பும் அதற்குள்தான்.

“டீ கிடையாது, ஆனா எல்லாரும் எங்க சொந்தக்காரங்க, நின்னு வணக்கம் சொல்லிட்டுத்தான் போகணும்னு எழுதறேன்.”

“பொய் இல்லதான்” என்றான் அவன், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே.

மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடம் மட்டும் படத்தில் குறிக்கப் பாக்கியிருந்தது. தமாஸியைத் தாண்டி அருவிக்கு எதிரில் அகலமான ஒரு வளைவு இருக்கிறது. இமேதா எப்போதும் அங்கேதான் சாப்பிடுவான். கல் கண்ணில் படும் இடத்தில் அவன் ஒரு கவளம்கூட விழுங்க மாட்டான்.

“அந்த வளைவுக்குப் பேரு இல்லையே” என்றேன்.

“இல்லாததாலதான அங்க சாப்பிடறோம்.”

“அவனுக்கு ஏதாவது போட்டாகணும். இமேதா சாப்பிடற எடம்னு போட்டுடவா?”

அவன் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினான். “என் பேர அந்த ரோட்டுல எழுதாத. வெளையாட்டுக்குக்கூட எழுதாத.”

எனக்கும் தெரிந்த கதைதான். கேலா மாமாவின் லாரி ஒரு முறை கீழே வேறொரு வளைவில் அச்சு முறிந்து இரண்டு ராத்திரி அங்கேயே கிடந்தது. போகிற வருகிற ஓட்டுநர்கள் எல்லாம் அந்த இடத்தைக் ‘கேலா வீடு’ என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் அப்படியே பெயராக நின்றுவிட்டது. அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் அதே இடத்தில் அவர் முகத்தோடு கல் வந்தது. பெயர் முதலில் வந்தது, கல் பின்னால் வந்தது என்று இமேதா இன்னும் சொல்வான்.

நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அவன் நம்புகிறான். போன ஆகஸ்டில் ஸூராவுக்கு ஊற்ற மறந்துவிட்டது பாதி வளைவில் நினைவுக்கு வந்து பிரேக்கை அழுத்திவிட்டான். பின்சக்கரம் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றது. அந்தச் சாலையில் அவன் கவனம் ஒரு நொடி சிதறினால் போதும்.

‘பெயர் இல்லை. மதியச் சாப்பாடு’ என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, காலையில், அவர்கள் தலைநகர் திபிலிசியிலிருந்து கிளம்பும்போது ரெட்டோ ஒரு படம் அனுப்பினான். ஆறு பேரும் மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னால் நின்றார்கள். கழுத்தில் ஒரே மாதிரி நீலத் துணி. துணி முழுக்க எங்கள் பாதை அச்சடித்திருந்தது. கீழே எழுதியிருந்தான்:

‘ஏழாவது துணி இமேதாவுக்கு. அவரிடம் சொல்லிவிடாதீர்கள், நாங்களே கட்டிவிடுகிறோம். எல்லா இடத்துக்கும் உங்கள் சொந்தக்காரர் பெயர் இருக்க, ஒன்று மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. பாவமாக இருந்தது. நாங்களே வைத்துவிட்டோம்.’

படத்தை விரலால் பெரிதாக்கினேன். கேலா. ஸூரா. தமாஸி. அதற்கு மேலே அருவிக்கு எதிரில் ஒரு முள்கரண்டியும் கத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலுவை போலக் கிடந்தன. பக்கத்தில் ‘இமேதா’ என்ற பெயர்.

உடனே எழுதினேன். ‘அந்தத் துணிகளை இமேதாவிடம் காட்ட வேண்டாம். காரணம் நேரில் சொல்கிறேன்.’ செய்தி போய்ச் சேர்ந்தது, அவன் பார்க்கவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அது எங்கே கேட்கும்? திபிலிசியிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம்தான்.

இமேதா முற்றத்தில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவனிடம் போனேன். சொன்னால் அந்த நினைப்போடுதான் மேலே போவான். போகாமல் இருக்க மாட்டான், வாக்குக் கொடுத்திருக்கிறான்.

“என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கற?”

“மழை வருமான்னு பாத்தேன்.”

“நல்ல வெயிலு. தமாஸிக்கு அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேகம் எறங்கியிருக்காம்.”

மூன்றாவது முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து செருப்பை மாட்டும்போது பாலத்தின் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் ரெட்டோ இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். ஐந்து பேரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். அவன் சட்டைக்குள்ளிருந்து நீலத் துணியை உருவினான். இமேதா கழுத்தை நீட்டிக் காட்டினான். பிறகு என்ன தோன்றியதோ, “பொறு பொறு, என்னமோ எழுதியிருக்கே” என்று துணியைக் கையில் வாங்கி, சூடாயிருந்த இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் டாங்கில் விரித்தான்.

லத்தீன் எழுத்து அவனுக்கு மெதுவாகத்தான் வரும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பான்.

“பாரு மக்வாலா, நம்ம ரோடு!” எண்ணெய் படிந்த விரலை அல்வானியில் வைத்து மேலே நகர்த்தினான். “கே... லா. அடேய், மாமா வந்துட்டாரு! ஸூ... ரா.”

ரெட்டோ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். கட்டைவிரலை உயர்த்தினான்.

விரல் அடுத்த வளைவில் திரும்பியது. “த... மா... ஸி. அதுக்கு மேல என்னமோ போட்டிருக்கானே...”

“அண்ணா,” என்றேன். அந்தக் கடைசிப் பெயரை உள்ளங்கையால் மூடினேன். “போதும், படிக்காத. அதை மடிச்சு என்கிட்ட குடு.”