டேப் ஒட்டிய நாற்காலிகள்

காத்திருப்புக் கூடத்தில் பதினோரு நாற்காலிகள். ஒன்றுவிட்டு ஒன்றில் சிவப்பு டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டியது நான்தான். நோய் பரவத் தொடங்கிய வாரத்தில் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அதன் பிறகு மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டும் வேலை.

அவர் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உயரமானவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கோட்டு. அதன் ஓரம் நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. டேப் ஒட்டிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த இருவருக்கும் நோய் உறுதியானது. ஐந்து நாள் குறித்துவைத்தேன். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர். ஒருவர்கூடத் தப்பவில்லை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தொற்றினால் அது இன்றைய மாதிரியிலேயே எப்படித் தெரியும் என்று படித்த படிப்பு கேட்டது.

பதிவு மேசை அண்ணனிடம் கேட்டேன்.

"அந்தக் கோட்டுக்காரருக்கு டோக்கன் குடுத்தீங்களாண்ணா?"

"இந்த வெயில்ல கோட்டா? அப்படி ஒருத்தன் வந்தா டோக்கன் இல்லம்மா, நாடகத்துல வேஷம்தான் குடுக்கணும். போய்த் தூங்கு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

அவர் உட்கார இடம் இல்லாதபடி டேப்பை எடுத்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். ஆறாவது மாதம். பரிசோதனை முடிவு இல்லாமல் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க மாட்டார்களாம். சுவரோரக் கடைசி நாற்காலிதான் காலி. அதில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் டேப் ஒட்டிய நாற்காலி.

கூடத்தின் மறுகோடியில் அவர் எழுந்தார்.

கையிலிருந்த குழாய்களை மேசையில் வைத்துவிட்டுப் போய் அந்த டேப்பின்மேல் உட்கார்ந்தேன்.

"ஏய், தள்ளி உட்காருடி. ஊருக்கெல்லாம் சொல்ற, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"கொஞ்ச நேரம் சும்மா இரு, அக்கா."

"பாருடா, வாயில்லாப்பூச்சிக்கு வாய் வந்துடுச்சு."

அவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். பேருந்துக்குக் காத்திருப்பவரின் முகம். எனக்குப் பயம் வரவில்லை. கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

"நான் நிக்கிறேம்மா," என்றார். "எனக்கு அவசரமில்ல."

அக்காவின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவள் விட்டுப்போன நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவருடைய கோட்டின் ஈரம் என் முழங்காலில் பட்டது.

எழுந்திருக்கலாம். எழுந்தால் அவரும் எழுவார். அக்கா வெளியே போக இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அக்கா வெளியே வந்தாள், என் தலையில் லேசாகத் தட்டினாள், போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார்.

மறுநாள் காலை முடிவு வந்தது. நோய் இல்லை. போனில் சொன்னேன்.

"அதான் எனக்குத் தெரியுமே. இதுக்குப் போய் இவ்வளவு சீக்கிரம் எழுப்பிட்டியே," என்றாள்.

பிறகு ஒரு குழாயை எடுத்து என் பெயரை எழுதி ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது. அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன்.