பந்தல் மாறி வந்த வெற்றிலை

ஜெபக்கூட்டத்துக்காக வாசலில் பந்தல் போட்டதுதான் வினையாகிவிட்டது. மில்லர்புரத்தில் நாங்கள் வெற்றிலை தொடாத வேதக்காரக் குடும்பம். நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால், பந்தலுக்கு அடியில் ஈரச்சாக்கு போர்த்திய பெரிய கூடை. உள்ளே வெற்றிலை, கட்டுக் கட்டாக. கல்யாண வீடு என்று நினைத்து ஆத்தூர் வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். என் வீட்டுக்காரர் சுந்தர்சிங் அப்போது குளித்துக்கொண்டிருந்தாராம். நல்ல நேரம் பார்த்துக் குளித்தார், மனுஷன்.

அவர் வக்கீல் குமாஸ்தா. சட்டம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

“ஏளா ஜெபகனி, அடுத்தவன் சாமான் தப்பி நம்மகிட்ட வந்தா, அதத் திங்கக் கூடாது, விக்கக் கூடாது, தூரப் போடவும் கூடாது. நம்ம சாமான் மாதிரி பாத்துக்கிடணும். உடையவன் வந்தா கொடுத்திரணும்.”

“வராட்டி?”

“வருவான். அதுவரைக்கும் தண்ணி தெளி.”

தெளித்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையிலிருந்து கருப்பட்டி கொண்டு வரும் முத்துக்கனி வந்தாள். கூடையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எங்க ஊர்ல இசக்கியப்பன் அண்ணாச்சி மகளுக்கு இன்னைக்கு நிச்சயம். ஆத்தூர் வெத்தல வரலன்னு காலையிலயே ரோட்டுக்கும் வீட்டுக்குமா நடந்தாக.”

வெற்றிலை கைமாறாவிட்டால் அவர்களுக்கு நிச்சயமே கிடையாது. யார் பெற்ற பிள்ளையோ, என் வீட்டுப் பந்தலால் அவள் காரியம் கெட வேண்டுமா?

“உடையவன் கேட்டு வரட்டும்ளா” என்றார் இவர்.

“உங்க சட்டம் இங்கன உக்காந்திருக்கட்டும். நான் போறேன்.”

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில்தான் ஓடும். பாதி வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் பின்னால் போய்க் கரியடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். நான் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன்.

“ஒரு இடத்துல இருங்களேம்மா” என்றான்.

“இது என் வெத்தல இல்ல தம்பி. இருக்க முடியல.”

புதுக்கோட்டைப் பந்தலில் ஆள் நிறைய இருந்தது, ஒரு முகத்திலும் களை இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டு நின்றார். “வெத்தலைக்கே வக்கில்லாத வீட்டுல பொண்ணெடுக்கணுமாவே?” இசக்கியப்பன் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். உள்வாசலில் அந்தப் பெண் செண்பகம், அழக்கூட முடியாமல், பட்டுச் சேலையில் நின்றாள்.

கூடையை நடுவில் இறக்கி, நடந்ததைச் சொன்னேன். இசக்கியப்பன் அவசரமாகக் கட்டைப் பிரித்தார். ஓர் இலைகூட வாடவில்லை. தட்டில் அடுக்கி நீட்டினார்.

தாய்மாமன் தொடவில்லை. “எவன் வீட்டுலயோ கெடந்த வெத்தல. வேற நல்ல வெத்தல வரட்டும்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, முகம் தெரியாதவுக வெத்தல இது. இத வச்சுக்கிட்டு என்னால அரை நாள் வீட்டுல இருக்க முடியல. வழியெல்லாம் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்திருக்கேன். நீங்க அடுத்தவுக பெத்து வளத்த பிள்ளையக் கூட்டிட்டுப் போகப் போறிய. அவள எப்படிப் பாத்துக்கிடுவிய?”

தாய்மாமன் சுற்றிலும் பார்த்தார். பிறகு வலியச் சிரித்துக்கொண்டு தட்டுக்குக் கை நீட்டினார்.

இசக்கியப்பன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார். “பெறவு தாரேன்.”